ஷல் என்று இருந்திருந்தால்

அத்தியாயம் பதினொன்று

ஓலை வாசித்து நாலு நாளாகிவிட்டது.

கொட்டாஞ்சேனைக் கோவிலில், ஞாயிறு இரண்டாம் பூசையில், பிரசங்கம் முடிந்த கையோடு சுவாமி, யார் யாரை முடிக்கப் போகிறார்கள் என்று சபைக்கு அறிவிக்கிற அந்த வாரத்துக் கலியாண ஓலைகளை வாசித்தார். மூன்றாவது ஓலையில் றேமண்டின் பெயர் வந்தது. கூட வந்த பெண்ணின் பெயர் கொன்ஸ்ரன்ஸ் இல்லை. கல்கிசையைச் சேர்ந்த யாரோ ஒருத்தி. அம்மா யோசெப்பினுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்த கொன்ஸ்ரன்ஸ், சுவாமி ஏதோ மாறி வாசித்துவிட்டார் என்றே முதலில் நினைத்தாள். திருத்துவார் என்று நாலாவது ஓலை முடியும்வரை காத்திருந்தாள். சுவாமி தாளை மடித்து வைத்துவிட்டுப் பீடத்தின் பக்கம் திரும்பினார்.

அதன்பிறகு அந்த வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. காலையில் கோப்பித்தூள் கேட்டு வருகிற அடுத்த வீட்டுக்காரிகூடக் கடைக்குப் போய் வாங்கினாள். கொன்ஸ்ரன்ஸ் கிணற்றடிக்குப் போனால் அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தி வாளியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். கலியாணம் முடித்த பெண்களை அங்கே வேலைக்கு வைத்திருப்பதில்லை. ஆகவே ஜனவரியிலேயே பெரிய மதருக்குக் கடிதம் கொடுத்து, ஈஸ்டருக்கு முந்திய தவணையோடு விலகிக்கொண்டாள். பிள்ளைகள் பாட்டுப் பாடி, தாங்களே பூ வேலை செய்த மேசை விரிப்பொன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஈஸ்டர் வந்தது, போனது. அவளுடைய வகுப்பில் இப்போது வேறொரு ரீச்சர் நிற்கிறாள்.

றேமண்ட் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். ஞானஸ்நானம் பெற்றது கொட்டாஞ்சேனையில் என்பதால்தான் அவனுடைய ஓலை இங்கேயும் வாசிக்கப்பட்டது. கொம்பனியின் காலிக் கந்தோரில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் பெப்ரவரியில் திரும்பி வந்து, முன்போலவே வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கியிருந்தான். வந்த புதிதில் இரண்டு முறை கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தான். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் கலியாணப் பேச்சு வேண்டாம் என்றான். அது சரியென்றுதான் எல்லோருக்கும் பட்டது.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் ஹியூபேட் பாணையும் சம்பலையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். துறைமுகக் கந்தோரில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறான். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், வழக்குகள் எடுத்து நடத்துகிற ஒரு பிறக்கிராசியைக் கண்டு பேசி நேரமும் வாங்கியிருக்கிறான். அவனுக்கு முப்பத்தைந்து வயது. தங்கச்சியின் காரியம் முடியாமல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று வந்த சம்பந்தங்களை எல்லாம் திருப்பியனுப்பியவன்.

றேமண்ட் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னான். கொன்ஸ்ரன்ஸ் அறைக்குள் போய் ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மற்றதுகள்?"

"மற்றதில ஒண்டும் இல்லை அண்ணா."

வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவன் வற்புறுத்தவில்லை. உண்மையில் வெட்கம் ஒரு காரணமே இல்லை. முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. காலிக் கோட்டை மதிலில் அடிக்கும் காற்று, தங்கியிருந்த வீட்டுச் சாப்பாடு, பல்வலி, துறைமுகத்துக்குள் வர முடியாமல் இரண்டு நாள் வெளியே நின்ற கப்பல், எல்லாம் அவற்றில் இருந்தன. கலியாணம் என்ற பேச்சு ஒரு கடிதத்தில்தான் இருந்தது. அதிலும் ஒரு வரியில். தேடிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. அந்தக் கடிதம் வந்த டிசம்பரிலிருந்து அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

பிறக்கிராசி ஹமீட்டின் அறை மாடியில் இருந்தது. கீழே பெட்டிசம் எழுதுகிறவர்களின் தட்டச்சுச் சத்தம் படியேறி வந்தது. அவர் ஐம்பது தாண்டியவர். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். கடிதத்தை முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் உரக்க வாசித்தார்.

"இஃப் ஓல் கோஸ் வெல், வீ ஷுட் பி மெரிட் பை ஈஸ்டர்."

ஐந்து மாதமாக அந்த வரி றேமண்டின் குரலில்தான் அவளுக்குள் இருந்தது. இப்போது ஒரு வயதான மனிதரின் கரகரத்த குரலில் கேட்டபோது, அது யாரோ யாருக்கோ எழுதியதுபோல இருந்தது.

ஹமீட் சுற்றி வளைக்கவில்லை. கலியாணம் முடிப்பதாகச் சொல்லி ஏமாற்றினான் என்று வழக்குப் போட வேண்டுமானால், அந்த வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் இந்த நாட்டுச் சட்டம் அதை எடுத்துக்கொள்ளாது.

"ஷல் என்று இருந்திருந்தா அது வாக்கு, நான் இண்டைக்கே நோட்டீஸ் அனுப்பிருவன். இது ஷுட்."

ஹியூபேட் விடவில்லை. ஷுட் என்றாலும் வேணும் என்றுதானே அர்த்தம் என்றான். பிள்ளைகளைப் பார்த்து யூ ஷுட் கோ டு சர்ச் என்று சொன்னால் கோவிலுக்குப் போகவேணும் என்றுதானே பொருள், அது கட்டாயம்தானே என்று கேட்டான். அப்படியானால் ஈஸ்டருக்குள் கலியாணம் முடிக்கவேணும் என்று இவன் எழுதியதும் கட்டாயம்தான்.

ஹமீட் அவனைப் பொறுமையாகப் பார்த்தார்.

"கோவிலுக்குப் போகணும் என்றது கடமை. அஞ்சு மணி ரயில் இந்நேரம் வந்திருக்கணும் என்று சொல்றோமே, அது ரயில் குடுத்த வாக்கா? அது நம்மட எதிர்பார்ப்பு. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வேணும்தான். ஆனா கடிதம் இங்கிலீஷ்ல இருக்கு, நீதவானும் இங்கிலீஷ்லதான் வாசிப்பார். எதிர்ப்பக்கத்து அட்வகேட் எழும்பி, என்ட கட்சிக்காரர் எதிர்பார்த்தார், வாக்குக் குடுக்கல்ல என்று சொல்லிட்டு உட்கார்ந்துருவார். வேறொண்டும் அவர் சொல்லத் தேவையில்ல."

அவள் வேலையை விட்டதே இந்தக் கடிதத்தை நம்பித்தான் என்றான் ஹியூபேட். பெரிய மதருக்குக் கொடுத்த கடிதம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, அதை எடுத்துக் காட்டலாம். ஹமீட் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். அதில் என்ன சொல் எழுதினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஷல்" என்றாள். "ஐ ஷல் பி மெரிட் பை ஈஸ்டர் எண்டு எழுதினனான்."

"அது உங்கட வார்த்தை மகள். அவர்ட வார்த்தை இல்ல."

சுவரில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த வழக்குத் தாள்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டையும் சிவப்பு நாடாவால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

ஒரு வழி இருக்கிறது என்று ஹமீட் தானாகவே தொடங்கினார். ஷல்லுக்கும் ஷுட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதுகிறவர்கள் இந்தக் கொழும்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கந்தோர்க் கடிதங்களிலேயே அவர் தினமும் பார்க்கிறார். றேமண்டும் அப்படிப்பட்டவன் என்றால், ஷுட் என்று எழுதினாலும் அவன் மனதில் இருந்தது ஷல்தான் என்று வாதாடலாம். அதைச் சொல்லத் தகுதியுள்ள சாட்சி அவளைவிட வேறு யாரும் இல்லை. அவள் ஆங்கில ரீச்சர், அவனுடைய எழுத்தைப் பழகியவள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொன்னால் நீதிமன்றம் காது கொடுக்கும்.

"அதனால யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது சேர்" என்றான் ஹியூபேட். "சீனியர் சோதனையில ஆங்கிலத்தில தவறின ஆள்."

ஹமீட் அவன் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரை தவணை கேட்டாள் கொன்ஸ்ரன்ஸ். அவர் தலையாட்டி, கடிதத்தை மடித்து ஹியூபேட்டிடம் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் ஹியூபேட், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டான். கந்தோருக்கு நேரமாகிவிட்டதென்று அவன் ட்ராம் பிடிக்கப் போனான். கடிதம் அவனுடைய கோட்டுப் பையிலேயே போயிற்று.

அவள் நடந்தாள். நேர் வழியில் போனால் பள்ளிக்கூட வாசலைக் கடக்க வேண்டும்; இடைவேளை மணி அடிக்கிற நேரம். ஆகவே கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். வெயில் தலையைப் பிளந்தது. குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போய்வந்தாள். றேமண்டின் மாமி தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருந்தாள். கடலோரத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடு. ரயில் போனால் மேசையில் மைக்கூடு ஆடும். கொம்பனிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த றேமண்டும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பாடத்தில் வந்து உட்கார்ந்தான்.

ரயிலை வைத்தே அவள் பாடம் சொன்னாள். வில் என்றால் வரும். மஸ்ட் என்றால் வந்தே தீரும், அல்லது வந்திருக்கும் என்று நாமே தீர்மானித்துவிட்டோம். ஷுட் என்றால், வரும் என்று எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான். ஓட் டு என்பதும் ஏறக்குறைய அதே. பெண்பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவன் மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

பிள்ளைகள் எழுந்து போனபின் அவன் கேட்டான்.

"ஒரு காரியம் நடக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா வாக்குக் குடுக்கேலாது. அதுக்கு எதைப் போடுறது?"

"ஷுட் போடுங்கோ."

"ஓட் டு போட்டால்?"

"அது போட்டால், நடக்காட்டி ஆரிலயோ பிழை எண்டு ஒரு மணம் வரும். ஷுட்டில அது குறைவு."

அவன் சிரித்தான். நல்ல சொல் என்றான். அதையும் கொப்பியில் எழுதினான். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி வந்தது. அதற்கு நன்றி சொல்லி எழுதிய நாலு வரிதான் அவளுக்கு அவன் எழுதிய முதல் கடிதம்.

அவனுக்கு வித்தியாசம் தெரியும். அது தெரியும் என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். டிசம்பரில் கடிதம் வந்த அன்றே, அந்த வரியில் கண் பட்டவுடனேயே, அவளுக்குள் இருந்த ரீச்சர் சொல்லைக் கண்டுவிட்டாள். ஏன் ஷுட் என்று போட்டிருக்கிறார் என்று அரைக் கணம் நின்றாள். பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். போய்விட்டாள் என்பதுதான் அவளால் இப்போது நம்ப முடியாமல் இருந்தது. ஒரு மாணவி அப்படி வாசித்திருந்தால் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டிருப்பாளே.

வீட்டில் அம்மா சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். யோசெப்பினுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. புருஷன் இறந்தபிறகு வந்த கந்தோர்க் கடிதங்களைக்கூட மகனோ மகளோ வாசித்துத் தமிழில் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் றேமண்டைத் திட்டினாளே தவிர மகளை ஒரு சொல் சொல்லவில்லை. நாலு நாளும் மகளுடைய தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

பிறக்கிராசி என்ன சொன்னார் என்று கேட்டாள். வழக்கு வைப்பது கஷ்டம் என்றாள் கொன்ஸ்ரன்ஸ். ஏன் கஷ்டம் என்று அம்மா கேட்டாள். ஈஸ்டருக்குள் கலியாணம் நடக்கும் என்று அவனே கைப்பட எழுதியிருக்கும்போது அதில் என்ன கஷ்டம்?

கொன்ஸ்ரன்ஸ் பீங்கானைத் தள்ளி வைத்தாள்.

"அவர் நடக்கும் எண்டு எழுதேல்ல அம்மா."

"நீதானே வாசிச்சாய்."

"எல்லாம் சரிவந்தால் நடக்கும் எண்டு நினைக்கிறன். அப்பிடித்தான் எழுதியிருந்தவர். நான் உங்களுக்கு நடக்கும் எண்டு சொன்னன்."

யோசெப்பின் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள். அன்று அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னாள். கிராண்ட்பாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நடந்து போய்ச் சொன்னாள். வீட்டுக்கு வெள்ளையடிப்பித்தாள். கோவிலில் மாதா பீடத்துக்கு ஒன்பது நாள் மெழுகுதிரி வைத்தாள்.

"அப்ப அவன் எனக்குப் பொய் சொல்லேல்ல" என்றாள் கடைசியில். "நீதான் சொன்னாய்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னாள். பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பகலில் படுத்து அவளை யாரும் கண்டதில்லை. கொன்ஸ்ரன்ஸ் அறை வாசலில் போய் நின்று இரண்டு முறை கூப்பிட்டாள். முதுகு அசையவில்லை. தின்ன முடியாத சோற்றைக் காகத்துக்குப் போட்டுவிட்டு, பீங்கானைக் கழுவி வைத்து, வேறு வேலை எதுவும் இல்லாததால் கழுவியதையே இன்னொரு முறை கழுவினாள். நாலு நாளாக அந்த வீட்டில் அவள் பக்கம் என்று ஒன்று இருந்தது. அது இப்போது இல்லை என்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு விளங்கியது.

ஹியூபேட் ஆறு மணிக்கு வந்தான். முகத்தில் காலையில் இல்லாத தெளிவு இருந்தது. நீதிமன்றம் சரிவராவிட்டால் கோவில் இருக்கிறது என்று ட்ராமில் போகும்போதே அவனுக்குத் தோன்றிவிட்டது. ஓலை வாசிப்பதே தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லத்தானே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுவாமியைக் கண்டு, தன் தங்கச்சிக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்தியை முடிக்கப் போகிறான் என்று சொல்லிக் கடிதத்தையும் காட்டினான். சுவாமி அதை வாசித்தார். உடனே றேமண்டின் கந்தோருக்குப் போன் எடுத்தார்.

நாளைக் காலை பத்து மணிக்குச் சுவாமியின் அறைக்கு அவளும் றேமண்டும் வரவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓலையை இரண்டாம் முறை வாசிப்பதா இல்லையா என்பது அதன் பிறகுதான்.

"பிறக்கிராசி கேட்டதைத்தான் சுவாமியும் கேட்பார்" என்றான். "அவனுக்கு ஆங்கிலம் ஒழுங்காத் தெரியாது எண்டு சொல்லு. அது போதும்."

"அது பொய் அண்ணா. அந்தச் சொல்லை அவருக்குப் படிப்பிச்சதே நான்தான்."

வெள்ளவத்தை மேசையில் நடந்ததை அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவனுடைய முகத்தில் இருந்த தெளிவு போனது. எல்லாம் தெரிந்துகொண்டா வேலையை விட்டாய் என்று கேட்டான். அவள் ஓம் என்றாள்.

"இதை வேற ஆருக்காவது சொன்னியா?"

"இல்லை."

"அப்ப சொல்லாதை."

நாளைக்குத் தனக்கு லீவு கிடைக்காது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்றான். உள்ளேயிருந்து, சுவரைப் பார்த்தபடியே, தான் வரவில்லை என்று யோசெப்பின் சொன்னாள். மத்தியானத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

ஹியூபேட் கடிதத்தை மேசையில் வைத்தான். முகம் கழுவப் போனவன் பாதி வழியில் நின்றான்.

"இன்னொண்டு. போனில றேமண்ட் சுவாமிக்குச் சொன்னானாம், தன்னட்டையும் ஒரு கடிதம் இருக்குதாம், அதையும் கொண்டுவாறானாம். உன்ர கையெழுத்தில."

"எந்தக் கடிதம்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும். நீதானே எழுதினனி."

அவன் கிணற்றடிக்குப் போய்விட்டான். வெளியே தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். கொன்ஸ்ரன்ஸ் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, காலிக்குத் தான் எழுதி அனுப்பியவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க முயன்றாள். முப்பத்தொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாள், சிலவற்றுக்கு இரண்டு. அவன் எழுதியதில் ஒரு சொல் விடாமல் அவளால் சொல்ல முடியும். எந்த வரியில் மை ஊறியிருந்தது என்பதுகூடத் தெரியும். தான் எழுதியதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.